பொருளா, தரையா, கையா

பெயிண்ட் கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவர்கள் வாசல் பக்கத்துக் கவுன்ட்டரோடு நின்றுவிடுவார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் உள்ளே கடைசி வரை நடந்து, குடோன் கதவை ஒட்டிக் கிடக்கும் மேஜைக்கு வருவார்கள். அது புகார் மேஜை. பதினோரு வருஷமாக அதில் உட்கார்ந்திருப்பவளைக் கடையில் எல்லோரும் புகாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

தரைக்குப் பூசியது உரிந்துவிட்டது, குமிழ் விட்டுவிட்டது, மஞ்சளடித்துவிட்டது என்று வருகிறவர்களிடம் முதலில் வசவை வாங்கிக்கொண்டு, பிறகு உரிந்த துண்டை வாங்கிக்கொள்வது அவள் வேலை. துண்டின் மேல்பக்கத்தை அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். சிமெண்ட் தூள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் தரையைச் சரியாகத் தேய்க்காமல் பூசியிருக்கிறார்கள். பிசுபிசுத்தால் கலவையில் கோளாறு. அடிப்பக்கம் வழவழவென்று, தொட்டால் சில்லென்று இருந்தால் கீழே மண்ணிலிருந்து ஈரம் ஏறிப் பூச்சைத் தள்ளியிருக்கிறது. புகார்ப் படிவத்தில் மூன்று கட்டம் உண்டு: பொருள், தரை, கை. குற்றம் எதில் என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்.

கம்பெனிக்குப் பிடித்த கட்டம் கை. பூசினவன் கை சரியில்லை என்றாகிவிட்டால் யாரும் யாருக்கும் ஒரு டப்பாகூடத் திருப்பித் தர வேண்டியதில்லை பாருங்கள். அப்படியிருந்தும் அவள் ஒரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு கை என்று போட்டதில்லை. நேரில் போவாள், முட்டி போட்டு உட்கார்ந்து தரையை முகர்ந்துகூடப் பார்ப்பாள். தரை என்றால் தரை, பொருள் என்றால் பொருள். மேனேஜர் முறைத்தாலும் மாற்ற மாட்டாள். இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குத் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். திமிர் காட்ட வேறு இடம் அவளுக்கு ஏது?

வீட்டில் இல்லை. வீடு என்பது கீழே கார் ரிப்பேர் ஷெட், மேலே இரண்டு குடித்தனம். ஷெட், மாடி எல்லாமே அவள் கணவனின் அண்ணனுக்குச் சொந்தம். அவரை ஊரே பெரியவர் என்று கூப்பிட்டதால் தம்பி தானாகவே சின்னவர் ஆகிவிட்டார். மாடியில் தெருவைப் பார்த்த பக்கம் பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பின்பக்கத்து இரண்டு அறையில் சின்னவரும் புகாரக்காவும். சின்னவர் பன்னிரண்டு வருஷமாக அண்ணன் ஷெட்டில் வேலை பார்க்கிறார். ஷெட்டில் பாதி உனக்குத்தாண்டா என்று பெரியவரும் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருவரில் யாருக்கும் சலிப்புத் தட்டவில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அந்த வீட்டில் சின்ன மருமகள் சொல் மாடிப்படிகூட இறங்காது. அவள் அதிகம் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தில், ஆயுளில் ஒரே ஒரு தடவை, இந்த வீட்டு மனுஷர்கள் தன் பேச்சை நம்பினால் போதும் என்று நினைத்தாள். அதனால்தான் ஷெட் தரைக்குப் பூச்சுப் போட வேண்டும் என்று பெரியவர் சொன்ன அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேறு எதைப் பற்றிப் பேச்சு வந்திருந்தாலும் அவள் ஒதுங்கிப் போயிருப்பாள். வந்தது தரையைப் பற்றி.

பெரியவருக்கு அந்த ஆசை வந்ததற்குக் காரணம் தெருக்கோடியில் புதிதாக வந்த ஷெட். அங்கே தரை பளபளவென்று இருந்தது. வண்டியை விட வருகிறவர்கள் அதில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அவன் ஷெட்டுல ஆபரேஷன் பண்ணலாம். நம்ம ஷெட்டுல போஸ்ட்மார்ட்டம்தான் பண்ணலாம்" என்று பெரியவர் தன் கறுத்துப்போன கான்கிரீட்டைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். புகாரக்காவும் சிரித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து மாதிரித் தகடுகளைக் கொண்டுவந்து ஷெட்டில் வேலை மேஜை மேல் பரப்பினாள். பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் மனைவி, அதாவது புகாரக்காவின் ஓரகத்தி, டீ தம்ளரோடு படியில் உட்கார்ந்தாள். சின்னவர் நின்றார். புகாரக்கா ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். சாதா ஃப்ளோர் பெயிண்ட் வேண்டவே வேண்டாம், சூடான டயர் ஏறி இறங்கினால் ஆறே மாதத்தில் நக்கி எடுத்துவிடும். எபாக்ஸி நல்ல பொருள், கண்ணாடி மாதிரி இருக்கும், எண்ணெய் கொட்டினால் துடைத்து எடுத்துவிடலாம், ஆனால் கீழே ஈரம் இருந்தால் அதற்கு ஆகாது. கடைசியாக ஒரு சாம்பல் நிறத் தகட்டை எடுத்தாள். சிமெண்ட் கலந்த பூச்சு. கனமாக இருக்கும், சுத்தியல் விழுந்தாலும் தாங்கும், கீழே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஷெட் மாதிரி இடத்துக்கு அவள் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்.

பெரியவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இதில் பூசின பக்கம் எது, பூசாத பக்கம் எது என்று கேட்டார். ஓரகத்திக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. அவர் எபாக்ஸித் தகட்டைத் தூக்கி அதில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். ஒரு பக்கம் கொஞ்சம் ஒதுக்கியும் விட்டுக்கொண்டார். தேர்வு அதோடு முடிந்தது.

புகாரக்கா விடவில்லை. எபாக்ஸியே போடலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றாள். ஒரு சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் தெரிந்துவிடும். இதற்கு ஒரு காசு செலவில்லை. பெரியவர் கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் மாறியது. அந்த மாற்றத்துக்குக் காரணம் உண்டு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தத் தரையைப் பெரியவரே நின்று போட்டார். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் மண் மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும், அப்போதுதான் ஈரம் மேலே வராது என்று கொத்தனார் சொன்னார். "தரைக்கு எதுக்குய்யா பாய்? அது என்ன தூங்கவா போகுது?" என்று பெரியவர் கேட்டார். அன்று அது பெரிய ஜோக். அதை அவர் ஒரு வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஷீட் விரிக்காமலே கான்கிரீட் கொட்டியாயிற்று. பக்கத்தில் நின்று கலவை தள்ளியது சின்னவர்.

பெரியவர் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவள் அடுத்த சனிக்கிழமை ஷெட்டின் பின்மூலையில் ஷீட்டை ஒட்டினாள். மறுநாள் மதியம் பார்த்தபோது, கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி அதன் அடியில் நீர்த்துளி கோத்திருந்தது. கீழே கான்கிரீட் சதுரமாகக் கறுத்திருந்தது. சின்னவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், மாடிப் பக்கம் பார்த்தார். பிறகு மளமளவென்று டேப்பைப் பிய்த்து, துளியோடு ஷீட்டை மடித்து, எண்ணெய்த் துணி போடுகிற பீப்பாய்க்குள் திணித்தார். கறுத்த இடத்தைத் துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் மேஜையில் நிறையப் பார்த்திருக்கிறாள். தன் புருஷனே அதைச் செய்வதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அண்ணன்கிட்ட சொல்லாத. அவர் நின்னு போட்ட தரை" என்றார்.

"யார் போட்டா என்னங்க? ஈரம் ஈரம்தானே."

"நான் நேரம் பாத்துச் சொல்றேன். நீ வாயத் திறக்காத."

சின்னவர் நேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். புதன்கிழமை பெரியவர் எபாக்ஸி டப்பாக்களுக்குச் சொல்லிவிட்டார், ஆர்டர் அவள் கடைக்கே வந்தது. அன்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் வாயைத் திறந்துவிட்டாள். ஷீட் ஒட்டியதையும் அடியில் தண்ணீர் கோத்ததையும் சொன்னாள். அடியில் ஈரம் தடுக்கிற ஒரு பூச்சாவது முதலில் போடுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் தூக்கிவிடும் என்றாள்.

பெரியவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. தம்பி பக்கம் மட்டும் திரும்பினார். "ஈரமா? நீ பாத்தியாடா?"

சின்னவர் தட்டைப் பார்த்தபடியே, "நான் ஒண்ணும் பாக்கலண்ணே" என்றார்.

அவ்வளவுதான். பெரியவர் கோபப்படக்கூட இல்லை. டாக்டருக்கு ஊரில் இருக்கிற எல்லோரும் நோயாளியாகத்தான் தெரிவார்கள், இவள் மேஜைக்கு வருவதெல்லாம் உரிந்த தரை, பாவம் இவள் என்ன செய்வாள் என்று சிரித்தார். ஓரகத்தி அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.  பெரியவர் நம்பாததில் புகாரக்காவுக்கு ஆச்சரியமில்லை. அந்த ஷீட்டை மடித்துத் திணித்த அதே கைகள் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தட்டிலிருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். மிச்சம் வைத்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

சின்னவர் நல்ல வேலைக்காரர். அதை இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். வாடகை மெஷின் கொண்டுவந்து தரையை அரைத்துத் தேய்த்தார். தூசியை உறிஞ்சி எடுத்தார், விரிசலை அடைத்தார். மூன்று நாள் முட்டி தேய வேலை செய்து இரண்டு கோட் பூசினார். நாலாம் நாள் ஷட்டரைத் தூக்கியபோது ஷெட்டுக்குள் குழல்விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஓரகத்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பெரியவர் தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு, அடுத்த மாதம் பத்திரம் எழுதிவிடலாம், பாதி உனக்கு என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொன்னார்.

புகாரக்காவும் பார்த்தாள். தான் தோற்றுப்போனாலும் பரவாயில்லை, இந்தத் தரை நிலைக்கட்டும் என்று மனதார நினைத்தாள். அவள் மேஜையில் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், ஒரு தரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்கும் அது எவ்வளவு நாள் இருக்கும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று. அன்றைக்கு அதை மறந்துவிட முயற்சி செய்தாள்.

பத்திரத்துக்கு நல்ல நாள் அமையவில்லை. அதற்குள் மழை வந்துவிட்டது. முதலில் பின்மூலையில் நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். சின்னவர் ஊசியால் குத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு அதன் மேல் டூல் பெட்டியை நகர்த்தி வைத்தார். அடுத்த வாரம் நாலு கொப்புளம். பழைய டயர்களைக் கொண்டுவந்து அடுக்கினார். அதற்கு அடுத்த வாரம் மறைக்க ஷெட்டில் சாமான் இல்லை. அந்த சமயம் பார்த்து, நெடுந்தூரம் ஓடி டயரெல்லாம் கொதிக்கக் கொதிக்க ஒரு வண்டி வந்து நின்றது. வேலை முடிந்து பின்னால் எடுத்தபோது நாலு டயரும் ஆளுக்கொரு தட்டு அளவுக்குப் பூச்சைப் பிய்த்துக்கொண்டு போயின. வண்டிக்காரர் இறங்கி, என் டயரில் என்னய்யா தோல் ஒட்டியிருக்கிறது என்று கேட்டார்.

பெரியவர் போட்ட சத்தத்தில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த புகாரக்கா இறங்கி வந்தாள். கடைசிப் படியில் அவள் நிற்கும்போதுதான் பெரியவர் கேட்டார். "டப்பா சரியில்லையா, உன் கை சரியில்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுடா."

சின்னவருக்கு வேர்த்திருந்தது. படியில் நிற்கிறவளை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "நான் என்னண்ணே பண்றது? அவ கடைச் சரக்கு. அவதான் கொண்டு வந்தா, அவ சொன்ன மாதிரிதான் பூசினேன்."

படித்த பெண், பார்த்து எடுத்திருக்கக் கூடாதா என்று ஓரகத்தி வருத்தமாகச் சொன்னாள். அவள் வருத்தம் நிஜம்தான், அதில் விஷம் இல்லை. விஷமாக இருந்திருந்தால் திருப்பிச் சொல்லியிருக்கலாம். புகாரக்கா தரையில் ஈரம் இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னதை மறுபடி ஆரம்பித்தாள். பெரியவர் கையைத் தூக்கினார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தரைமேல பழி போடாத. நாளைக்கு இவன் உன் மேஜைக்கு வருவான். டப்பா மேல குத்தம்னா புது டப்பா வாங்கிட்டு வாங்க. இவன் கை மேல குத்தம்னா, அந்தக் கை எனக்கு வேண்டாம். மாடியும் காலி பண்ணிடுங்க."

மூன்றாவதாக ஒரு கட்டம் இருப்பதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை சின்னவர் பெயிண்ட் கடைக்குள் கடைசி வரை நடந்து வந்தார். முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நின்றார். கையில் நியூஸ்பேப்பரில் சுற்றிய துண்டு. தன் முறை வந்ததும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அவர் அந்த மேஜைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மேஜை இவ்வளவு சின்னதா என்கிற மாதிரி பார்த்தார்.

அவள் துண்டைப் பிரித்துத் திருப்பினாள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. ஒரு பொட்டுச் சிமெண்ட் இல்லை. விரலை வைத்தால் சில்லென்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட டிக் போட்டுவிடும்.

"பொருள்னு எழுது" என்றார் சின்னவர்.

"இது தரைங்க. உங்களுக்கே தெரியும்."

"தரைன்னு எழுதினா அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"நேத்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான சொன்னீங்க?"

அவர் நகத்தைச் சுரண்டினார். பிறகு, பொய் சொல்லத் தெரியாதவர் மாதிரி, மிகவும் நேர்மையாக ஒரு பதில் சொன்னார். "நீ என்ன பண்ணிடப் போற? நீ வீட்டு ஆளு."

அவருக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் கைவிட்டால் போக்கிடம் இல்லை, பெண்டாட்டி கைவிட மாட்டாள். எடை போட்டுப் பார்த்து, தாங்குகிற பக்கம் பாரத்தை வைத்திருக்கிறார். ஜாக்கி போடுகிறவருக்கு எந்த இடம் தாங்கும் என்று தெரியாதா?

அவள் அப்போதே துண்டை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். தரை என்று டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, நகலைப் பெரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். நாலு பேர் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன். சொல்கிற நமக்கு இரண்டு அறையைக் காலி பண்ண வேண்டியதில்லை. ஆனால் அவள் பயந்தது வீட்டுக்காகவும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கை நகத்தில் ஒட்டிய கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. இதையும் செய்துவிட்டால் அவருக்குத் தன் அருமை தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் அது மிச்சம் இருந்தது. அதுதான் அவள் செய்த தப்பு.

அந்த மாதம் ஒரு வண்டிச் சரக்கில், எபாக்ஸியோடு கலந்து அதை இறுக வைக்கிற ஹார்டனர் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கம்பெனியோடு மல்லுக்கட்டி ஒத்துக்கொள்ள வைத்ததும் அவள்தான். அந்தச் சரக்கின் எண் போட்ட டப்பா என்றால் கேள்வி கேட்காமல் புதுசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண் ஏழில் முடியும். சின்னவர் பூசிய டப்பாவின் எண் ஒன்றில் முடிந்தது. படிவத்தில் எழுதும்போது ஒன்றை ஏழாக எழுதினாள். பொருள் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். தரை என்பதற்கு எதிரே 'பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை' என்று எழுதினாள். கை என்பதற்கு எதிரேயும் அதையே எழுதினாள். எழுத்து எப்போதும் போல முத்து முத்தாகத்தான் வந்தது.

மேனேஜரிடம் கொண்டுபோனபோது, அவரே நேரில் வந்து தரையைப் பார்ப்பார், அங்கே மாட்டிக்கொள்வோம், அதுவும் நல்லதற்குத்தான் என்று பாதி மனசு நினைத்தது. அவர் படிவத்தைப் படிக்கவே இல்லை. அடியில் இருந்த அவள் கையெழுத்தை மட்டும் பார்த்தார். "நீங்க எழுதினா நான் எதுக்குப் போய்ப் பாக்கணும்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் அவள் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பதினோரு வருஷம் முட்டி போட்டு முகர்ந்து சேர்த்த பெயர் அது. ஒரு நிமிஷத்தில் செலவாகிவிட்டது.

மழை விட்டுப் பத்து நாள் வெயில் அடித்த பிறகு புது டப்பாக்கள் ஷெட்டுக்கு வந்து இறங்கின. சின்னவர் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துத் தரையைத் துடைத்து வைத்திருந்தார். பெரியவர் படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் படித்துக் காட்டினார். தரை, பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை. தம்பியின் கையிலும் குறை இல்லை. எல்லாம் டப்பா செய்த வேலை. கம்பெனியே காலில் விழுந்து புது டப்பா அனுப்பியிருக்கிறது என்று ஒரு சுற்று கூட்டியும் சொன்னார். அவள் வேலையிலிருந்து வந்ததும் தன் ஸ்டூலை அவளுக்கு இழுத்துப் போட்டார். பெரியவர் ஸ்டூலில் அந்த வீட்டில் வேறு யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஓரகத்தி டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். முதலில் அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தாள்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்வதைக் கேட்கிற நிலையில் இருக்கிறார்கள். டீயைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தடவை அந்தச் சிமெண்ட் கலந்த பூச்சையே போட்டுவிடலாமே, கடையில் சொல்லி மாற்றித் தருகிறேன் என்றாள்.

பெரியவர் கேலி செய்யவில்லை. யோசித்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார். "அது ஈரத் தரைக்குன்னுதானம்மா நீ அன்னைக்குச் சொன்ன? தரையில குறை இல்லன்னு நீயே எழுதியிருக்க. அப்புறம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில் ஒன்றுதான் உண்டு. அவள் சின்னவரைப் பார்த்தாள். அவர் டப்பா மூடியை நெம்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்ணே. பதினோரு வருஷமா இதே வேலையா இருக்கா. அவளுக்குத் தெரியாததா?" என்றார்.

அவளுக்காக அவர் அண்ணனிடம் பேசியது, கல்யாணமான நாளிலிருந்து, அதுதான் முதல் தடவை.

பெரியவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா. அன்னைக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன். இப்ப நீ சொல்றதுதான். உன் வாயால ஒரு தடவை சொல்லிடு. தரையில ஈரம் இருக்கா?"

மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று பார்த்தார்கள். சின்னவர் கண்ணில் மட்டும் பயம் இருந்தது.

"இல்ல மாமா" என்றாள்.

பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "கேட்டுக்கடா. இனிமே இவளைக் கேக்காம இந்த ஷெட்டுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது."

சின்னவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். நன்றியோடு, மனதாரச் சிரித்தார். பிறகு எபாக்ஸி டப்பாவையும் ஹார்டனர் டப்பாவையும் ஒன்றாகக் கலந்து, உள்சுவர் ஓரம் தரையில் ஊற்றி, முட்டி போட்டு உருளையைத் தள்ள ஆரம்பித்தார். கொஞ்சம் தள்ளி நில்லு என்று கையைக் காட்டினார். அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றாள்.

கலந்த எபாக்ஸி இறுகுவதற்கு நாற்பது நிமிஷம் ஆகும். அதற்குள் வேண்டாம் என்று யாராவது சொன்னால் முழுவதையும் வழித்து எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு முடியாது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே அவர் மூலையிலிருந்து மூலைக்கு நகர்ந்துகொண்டிருந்தார். தரை அழகாக வந்துகொண்டிருந்தது. அவள் நாற்பது நிமிஷமும் அங்கேயே நின்றாள்.